மேன்டெம் என்றால் பசங்க: லண்டன் ராப்பின் சொற்கள் வந்த வழி

2017-ல் பிபிசியின் ஒன் எக்ஸ்ட்ரா வானொலியில் 'பிக் ஷாக்' என்ற பெயரில் ஒருவர் வந்து ராப் பாடினார். ஆள் உண்மையில் மைக்கேல் டபா என்ற நகைச்சுவைக் கலைஞர். தெருவில் கெத்துக் காட்டும் ராப் பாடகர்களைக் கிண்டல் செய்யத்தான் அந்த வேஷம். பாட்டில் ஒரு பெண் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்கிறாள். இவர் மறுக்கிறார்: 'மேன்ஸ் நாட் ஹாட்'. இந்த மூன்று சொற்கள் அந்த வருஷம் உலகம் பூராவும் சுற்றின. பிரிட்டனில் கொஞ்சம் வயதானவர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். எந்த மேன்? யாருக்குச் சூடாக இல்லை?

தமிழ் பேசுகிறவருக்கு இதில் குழப்பமே வராது. 'மனுஷன் காலையிலேர்ந்து ஒரு வாய் காபி குடிக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?' என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் அந்த மனுஷன் அவரேதான். 'மனுஷன் போவானா அந்த ஊருக்கு?' என்றால் யாருமே. 'மனுஷன் இன்னும் வீட்டுக்கு வரலை' என்று மனைவி சொன்னால் கணவன். லண்டன் இளைஞர்களின் 'மேன்' இந்த மூன்று வேலையையும் செய்கிறது. இடத்துக்குத் தகுந்தபடி 'நாங்க' ஆகிறது, 'நீ'யும் ஆகிறது. பிக் ஷாக் சொன்னது இவ்வளவுதான்: மனுஷனுக்கு வேர்க்கலை.

இது சாதாரண விஷயம் இல்லை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எந்த மொழியிலும் வாரத்துக்கு ஒன்று முளைக்கும், மறு வாரம் காணாமல் போகும். நான், நீ, அவன் என்கிற மூவிடப்பெயர்கள் அப்படி லேசில் அசையாது. 'அவர்கள்' என்பதற்கான 'தே' என்ற சொல்லை வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிடமிருந்து ஆங்கிலம் வாங்கி ஆயிரம் வருஷம் ஆகிறது. அந்த வரிசையில் புதிதாக ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று 2013-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார் ஜென்னி செஷையர், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக மொழியியலாளர். அவர் ஆதாரம் காட்டியது பாட்டுகளை வைத்து இல்லை. லண்டன் இளைஞர்கள் தங்களுக்குள் அரட்டை அடித்ததன் ஒலிப்பதிவுகளை வைத்து.

அந்தப் பதிவுகளுக்கு ஒரு பின்னணி உண்டு. 2004-லிருந்து செஷையர், பால் கெர்ஸ்வில், சூ ஃபாக்ஸ், எய்விண்ட் டோர்கர்சன் ஆகியோர் லண்டனில் இரண்டு இடங்களில் பதின்வயதினரைப் பேசவிட்டுப் பதிந்தார்கள். ஒன்று நகரின் உள்ளே இருக்கும் ஹேக்னி. மற்றது ஓரத்தில், வெள்ளையர் பெரும்பான்மையாக வசிக்கும் ஹேவரிங். பழைய கிழக்கு லண்டன்காரர்களின் காக்னி பேச்சு போருக்குப் பிறகு குடும்பங்களோடு எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. அவர்கள் காலி செய்த உள்நகரத்தில் என்ன வளர்ந்தது என்பதுதான் கேள்வி. புதுப் பேச்சை அதிகம் பேசியது யார் என்று பார்த்தால், தோலின் நிறம் மட்டும் விடை சொல்லவில்லை. யாருடைய நண்பர் வட்டத்தில் நாலா பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் கலந்திருந்தார்களோ, அவர்களே முன்னால் நின்றார்கள். வெள்ளைக்காரப் பையனானாலும் அப்படித்தான். இந்தப் பேச்சுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பல்பண்பாட்டு லண்டன் ஆங்கிலம். பத்திரிகைகள் வைத்தது 'ஜஃபேக்கன்', அதாவது போலி ஜமைக்கன். ஆய்வு சொன்னதற்கு நேரெதிரான பெயர். யாரும் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. வீட்டில் ஒரு மொழி, பக்கத்து வீட்டில் இன்னொன்று, ஆங்கிலம் என்றால் பத்து விதமான ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆனாலும் ஜமைக்காவின் பங்கு பெரிது. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் தேம்ஸ் நதியோரத்து டில்பரி துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து கரீபியன் தீவுக்காரர்கள் பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்களோடு வந்தது பாட்வா. இதை உடைந்த ஆங்கிலம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்கள் எஜமானர்களின் ஆங்கிலத்தையும் தங்கள் மொழிகளையும் சேர்த்து உருவாக்கிய மொழி அது. பிள்ளை என்பதற்கு 'பிக்னி' என்பார்கள். அது போர்த்துக்கீசியத்தில் 'குட்டி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 'நீங்க' என்பதற்கு 'உனு'. அது நைஜீரியாவின் இக்போ மொழியில் உள்ள சொல்லேதான். சாப்பிடுவதற்கு 'நியாம்', அதுவும் மேற்கு ஆப்பிரிக்கா.

சில சொற்கள் பயணத்தில் வேலை மாறிக்கொண்டன. 'டப்பி' என்றால் ஜமைக்காவில் பேய். பாட்டி கதையில் வரும் பேய். லண்டன் ராப்பில் அது வினைச்சொல். ஒருவனை டப்பி செய்வது என்றால் பாட்டாலேயே அவனைப் பேயாக்கி அனுப்புவது. 'யார்ட்' கதை இன்னும் வேடிக்கையானது. ஆங்கிலத்தில் முற்றம். கிங்ஸ்டன் நகரத்தில் பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்ததால் ஜமைக்காவில் அதுவே வீடு என்றாயிற்று. கடல் கடந்து போனவர்களுக்கு மொத்த ஜமைக்காவுமே யார்ட். நம்ம ஊர்க்காரன் என்ற அர்த்தத்தில் அவர்கள் சொன்ன 'யார்டி'யை எண்பதுகளில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு, போதைமருந்துக் கும்பல்காரன் என்று பொருள் கொடுத்தன. இன்று லண்டன் பையன் 'யார்டுக்கு வா' என்றால் மறுபடி பழைய பொருள்தான். வீட்டுக்கு வாடா. (ஜமைக்காவின் மோசமான வசைகள் ஏறக்குறைய எல்லாமே துணியின் பெயர்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணி, எதற்குப் பயன்படும் துணி என்பதில்தான் வசையே இருக்கிறது.)

இப்போது 'மேன்டெம்'. பாட்வாவில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'டெம்' சேர்த்தால் பன்மை. ஆங்கிலத்தின் 'தெம்' தான் ஒலி மாறி, நம் 'கள்' விகுதியின் வேலையைச் செய்கிறது. மேன்டெம் என்றால் பசங்க. கியால்டெம் என்றால் பொண்ணுங்க. பாய்டெம் என்றால் போலீஸ்காரனுங்க. ஆள் பெயரோடு சேர்த்தால் இன்னொரு நுட்பம் வரும். ஜானோடு 'டெம்' சேர்த்தால் பல ஜான்கள் என்று பொருள் இல்லை, ஜான் வகையறா என்று பொருள். 'குமார் ஆளுங்க வந்தாங்களா?' என்று நாம் கேட்கிற அதே கணக்கு. பொது ஆங்கிலத்தில் இதற்கு ஒரு விகுதி கிடையாது, தனிச் சொற்கள் சேர்க்க வேண்டும்.

இந்தச் சொற்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு வந்ததற்கு ஒரு வாகனம் இருந்தது. சவுண்ட் சிஸ்டம். பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கி, ஒருவர் ரெக்கார்டு போட, எம்சி எனப்படும் இன்னொருவர் மைக்கில் பேசிப் பாடும் கூடுகை. ஒரு பாட்டு கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் கத்துவார்கள், சுவரைத் தட்டுவார்கள். ரெக்கார்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றி மறுபடி முதலிலிருந்து விடவேண்டும். 'புல் அப்', 'வீல் அப்', 'ரீவைண்ட்', 'ரீலோட்' என்ற சொற்கள் எல்லாமே இந்த ஒரு செயலுக்குத்தான். லேப்டாப்பில் ஃபைல் ஓடுகிற இன்றைக்கும் அதைத்தான் கத்துகிறார்கள். சுற்றுவதற்கு ரெக்கார்டு இல்லை. 'ஒன்ஸ்மோர்' என்று தமிழ் நாடக மேடையில் கேட்டது போலத்தான், ஆனால் இங்கே அதுவே மதிப்பெண். எத்தனை முறை ரீலோட் வாங்கினான் என்பதை வைத்துத்தான் ஒரு எம்சியின் பேர் நிற்கும்.

இந்த மேடையிலிருந்து 1984-ல் ஒரு பாட்டு வந்தது. தென் லண்டன்காரர் ஸ்மைலி கல்ச்சர் பாடிய 'காக்னி டிரான்ஸ்லேஷன்'. காக்னிக்காரன் இதை இப்படிச் சொல்வான், நாங்கள் அதையே அப்படிச் சொல்வோம் என்று சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போகும் பாட்டு. அகராதியைத் தாளம் போட்டுப் பாடியதைப் போல. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த வருஷத்தில் இரண்டும் இரண்டு மொழிகள். நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. இருபது வருஷம் கழித்து ஹேக்னியில் மைக் வைத்தபோது இரண்டும் ஒரே வாயில் இருந்தன.

எப்படி என்பதை ஒரு ஒலியை வைத்தே பார்க்கலாம். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் ஆங்கிலத் 'த'. காக்னிக்காரர் அதை 'வ' அல்லது 'ஃப' ஆக்குவார். 'பிரதர்' அப்படித்தான் 'ப்ருவ்' ஆனது. ஜமைக்காக்காரர் அதையே 'ட' ஆக்குவார். 'திங்' அப்படித்தான் 'டிங்' ஆனது. இன்றைய லண்டன் பையன் ஒரே மூச்சில் ப்ருவ் என்று கூப்பிட்டு டிங் பற்றிப் பேசுகிறான். 'ப்ருவ்' வெள்ளைக்கார தாத்தாவிடமிருந்து, 'டிங்' கறுப்பினப் பாட்டியிடமிருந்து. இந்தப் பேச்சு முழுக்க ஜமைக்காவைப் பார்த்துப் பழகியது என்பவர்கள் ப்ருவை எங்கே வைப்பார்கள்?

'இன்னிட்' இன்னொன்று. ஆங்கிலத்தில் 'இல்லையா?' என்று கேட்பதற்குள் உயிர் போய்விடும். நீ வருகிறாய் என்றால் ஒரு வால், அவன் வந்தான் என்றால் வேறு வால், அவர்கள் வரவேண்டும் என்றால் மற்றொன்று. லண்டன் இளைஞர்கள் எல்லாவற்றுக்கும் இன்னிட் என்ற ஒரே வாலை ஒட்டிவிடுகிறார்கள். நாம் 'இல்ல?' போடுவதைப் போல. 'நாளைக்கு வர்றே, இல்ல?', 'அவங்க நேத்தே போயிட்டாங்க, இல்ல?' அதே இடத்தில் 'ஆ லை?' என்றும் கேட்பார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது. நேர்ப்பொருள்: 'பொய்யா?' நான் சொல்றது பொய்யா, சொல்லு!

சரி, இனி லண்டனில் பிறந்த கிரைம் என்ற இசைக்கு வரலாம். இந்த இசையின் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கரி, அழுக்கு என்று பொருள்படும் சொல் அது. ஆனால் நம் எழுத்தில் 'கிரைம் நாவல்' கிரைமும் இதுவும் ஒன்றாகிவிடும். லண்டன் காவல்துறைக்கும் நெடுங்காலம் இந்த எழுத்துப் பிழை இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. 2005-ல் அவர்கள் '696' என்றொரு படிவம் கொண்டுவந்தார்கள். இசை நிகழ்ச்சி நடத்துபவர் என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இனம் பற்றிய கேள்வியைக் கொஞ்ச காலத்தில் எடுத்துவிட்டார்கள். படிவம் 2017 நவம்பரில்தான் ஒழிந்தது.

கிரைம் பிறந்தது கிழக்கு லண்டனில், போ என்ற பகுதியில். (ஆமாம், உச்சரிப்பு 'போ'தான்.) 2000-களின் தொடக்கம். அடுக்குமாடிக் கட்டிடங்களின் மொட்டை மாடியில் திருட்டுத்தனமாக ஏரியல் கட்டி நடத்திய வானொலிகளில் எம்சிகள் மைக்கை மாற்றி மாற்றிப் பாடினார்கள். 1994-ல் அப்படித் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம்முக்கு உரிமம் கிடைத்ததே 2010-ல்தான். இந்த இசைக்கு என்ன பெயர் என்பதிலேயே சண்டை இருந்தது. 2004-ல் வைலி என்ற எம்சி அந்தச் சண்டையை வைத்தே ஒரு பாட்டுப் போட்டார். அதற்கு முந்தைய வருஷம், 19 வயது நிறையாத டிஸ்ஸி ராஸ்கல் 'பாய் இன் ட கார்னர்' ஆல்பத்துக்கு பிரிட்டனின் மெர்க்குரி இசை விருது வாங்கிவிட்டார். தலைப்பிலேயே அந்த 'ட' உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

கிரைம் தாளம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 140 துடிப்பு. அந்த வேகத்தில் நீளமான சொல் நாக்கில் நிற்காது. ஓர் அசைச் சொல்லுக்குத்தான் மவுசு. 'பெங்' என்றால் செம அழகு. 'பெய்ட்' என்றால் ஊருக்கே தெரிகிற பட்டவர்த்தனம், மாட்டிக்கொள்ளப் போகிறாய் என்ற எச்சரிக்கையும் சேர்த்து. 'லாங்' என்றால் நீளம் இல்லை, இழுவை. வீட்டுப்பாடம் லாங், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய சிநேகிதன் வீடு லாங். 'ஏர்' செய்வது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது. அனுப்பின மெசேஜைப் பார்த்துவிட்டு அவள் பதில் போடவில்லை என்றால் உன்னை ஏர் செய்துவிட்டாள், பேச்சைக் காற்றில் விட்டுவிட்டாள். 'பீக்' என்பதற்கு அகராதியில் உச்சி என்று இருக்கும். லண்டனில் அது அடிமட்டம். போன் தொலைந்துவிட்டது என்று சொல்பவனிடம் 'பீக்' என்றால் 'ஐயோ, போச்சுடா' என்று பொருள்.

என்னை அதிகம் கவர்ந்தது 'பேர்'. ஆங்கிலத்தில் வெற்று, அம்மணம். லண்டன் தெருவில் எக்கச்சக்கம். வெறுமைக்கும் எக்கச்சக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் கரீபியன் இருக்கிறது. அங்கே 'பேர்' என்றால் 'வெறும்', அதாவது வேறெதுவும் கலக்காதது. அந்தத் தெருவுக்குப் போனா வெறும் தொல்லைதான், அந்த வீட்டில வெறும் பசங்கதான் என்று சொல்லும்போது நாமே அந்தப் பாலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டோம். வெறும் தொல்லை என்றாலே நிறையத் தொல்லை என்றுதானே காதில் விழுகிறது. மீதிப் பாதியை லண்டன் நடந்துவிட்டது. எழுபது, எண்பது வருஷ ஆங்கில அனுபவம் உள்ள ஒருவருக்கு இது மொழிக் கொலையாகத் தெரியும். தமிழ்க் காதுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரிய நியாயமில்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று கதை சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். பழைய காக்னியில் ஐந்நூறு பவுண்டுக்குக் குரங்கு என்று பெயர். இந்தியாவில் வெள்ளைக்காரன் காலத்து ஐந்நூறு ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததாம், சிப்பாய்கள் அதைப் பார்த்து வைத்த பெயராம். இணையத்தில் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. அப்படி ஒரு நோட்டு இருந்ததற்குத்தான் சான்று கிடையாது. ராப் சொற்களுக்கும் இப்படிப் புராணங்கள் தினம் பிறக்கின்றன. ஆனால் 'பக்கா' உண்மையிலேயே இந்தியாவிலிருந்து போனது, 'நண்பன்' என்ற பொருளில் வரும் 'பால்' ரோமா மக்களின் மொழியில் அண்ணன்தம்பி. லண்டன் இப்படி வாங்கிப்போட்டுக்கொள்வது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை.

ஜமைக்காவுக்குப் பிறகு யார் என்றால், ஆப்பிரிக்கா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கரீபியக் கறுப்பர் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 5.95 லட்சம். ஆப்பிரிக்கக் கறுப்பர் 9.9 லட்சம். 2021-ல் முதல் எண் 6.2 லட்சத்தைச் சுற்றியே நிற்க, இரண்டாவது 15 லட்சத்தை நெருங்கிவிட்டது. சொற்களும் மாறின. காம்பியக் குடும்பத்துப் பிள்ளையான ராப் பாடகர் ஜே ஹஸ் போன்றவர்கள் மேற்கு ஆப்பிரிக்கத் தாளத்தையும் உச்சரிப்பையும் கொண்டுவந்தார்கள். சோமாலியப் பிள்ளைகள் வழியாக 'வல்லாஹி' வந்தது. அரபியில் இறைவன் மேல் ஆணை. இப்போது மத வித்தியாசம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் சொல்வது. 'சத்தியமா?' என்று கேட்பதற்கு 'சே வல்லாஹி' என்பார்கள், வல்லாஹி சொல்லு என்று. கனடாவின் டொராண்டோ பையன்களும் மேன்டெம், வல்லாஹி என்றெல்லாம் பேசுவதைக் கேட்டு இது லண்டன் பாட்டின் செல்வாக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். பாட்டும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அங்கேயும் ஜமைக்காக்காரரும் சோமாலியரும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஒன்று நம்முடையது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, எண்பதுகளில் அகதியாகத் திரும்பி, தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர் மாதங்கி அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. அவரைப் பலருக்குத் தெரியவைத்த முதல் பாட்டின் பெயர் 'கலாங்'. தமிழ்ச் சொல்லோ என்று தேட வேண்டாம். பாட்வாவில் 'போய்க்கிட்டே இரு'. 2005-ல் அந்தப் பாட்டைத் தாங்கி வந்த ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர், 'அருளர்'. அப்பா பெயர் ஈழத்திலிருந்து, பாட்டின் பெயர் ஜமைக்காவிலிருந்து. இதை வலிந்த கலவையாகப் பார்த்த விமர்சகர்கள் இருந்தார்கள். ஆனால் மிச்சமில் வளர்ந்த ஒரு பெண் வேறு எப்படிப் பேசுவாள்?

அமெரிக்காவிடம் வாங்கியதும் கணிசம். போலீஸை 'ஃபெட்ஸ்' என்பார்கள். அமெரிக்காவில் ஃபெடரல் அரசின் அதிகாரிகளைக் குறிக்கும் சொல். பிரிட்டனில் ஃபெடரல் என்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் தெருமுனைக் கான்ஸ்டபிள்கூட ஃபெட். எதிரிகளை 'ஆப்ஸ்' என்பது சிகாகோவிலிருந்து ட்ரில் இசையோடு வந்தது. 2012 வாக்கில் தென் லண்டன் பிரிக்ஸ்டனில் வேர் பிடித்த ட்ரில், கிரைமைவிட இருட்டானது. கத்திக்கும் துப்பாக்கிக்கும் குத்துவதற்கும் அதில் டஜன் கணக்கில் சொற்கள். 'ஸ்கெங்' ஜமைக்கா. 'ஷேங்க்' அமெரிக்கச் சிறை. 'டிப்' என்றால் முக்கி எடுப்பது. இதைக் கவித்துவம் என்று நான் மெச்ச வரவில்லை. செத்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள். ஆனால் சொற்கள் ஏன் இவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கேட்கக்கூடாதவன் கேட்டுப் புரிந்துகொண்ட அன்றே அந்தச் சொல் பழசாகிவிடுகிறது.

கேட்கக்கூடாதவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். 2018-ல் லண்டன் காவல்துறை சொல்லி யூடியூப் முப்பது ட்ரில் வீடியோக்கள் வரை நீக்கியது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு, நீதிமன்றத் தடையை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாக, விதிக்கப்பட்டது. 2021 ஜூனிலிருந்து ஒரு வருஷத்தில் ட்ரில் தொடர்பாகச் சமூக ஊடகங்களுக்குக் காவல்துறை அனுப்பிய கோரிக்கைகள் 286. அவற்றில் 255-க்கு நிறுவனங்கள் தலையாட்டி நீக்கியிருக்கின்றன. இந்தக் கணக்கு வெளியே வந்ததே, சின்க்ஸ் ஓஎஸ் என்ற பாடகரின் ஒரு பாட்டை இன்ஸ்டாகிராம் எடுத்ததை அந்நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் விசாரித்தபோதுதான். பாட்டை நீக்கியது தவறு என்று 2022 நவம்பரில் வாரியம் சொன்னது.

நீதிமன்றத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. பாட்டின் வரிகளை அரசுத் தரப்பு சாட்சியமாக வைக்கிறது. அதற்குப் பொருள் சொல்லப் போலீஸ் அதிகாரிகளே நிபுணர்களாகக் கூண்டில் ஏறுகிறார்கள். எதிர்த்தரப்பில் சில வழக்குகளில் மொழியியலாளர்களும் வந்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தெருச்சொல் ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் டோனி தார்ன் அவர்களில் ஒருவர். சண்டை பெரும்பாலும் பெயர்ச்சொல்லைப் பற்றித்தான் நடக்கும். இந்தச் சொல் கத்தியா, அந்தச் சொல் சரக்கா என்று. எனக்கோ சந்தேகமெல்லாம் அந்தச் சின்ன 'மேன்' மீதுதான். மேன் அங்கே போனான், மேன் இதைச் செய்தான் என்று ஒரு வரி. அது நானா, நாங்களா, எங்கள் ஏரியாவில் எவனோவா, அல்லது 'மனுஷன் செய்வானா இதை?' என்பது போல யாருமேயில்லாத ஒருவனா? பேச்சில் பக்கத்திலிருப்பவர்களுக்கு அது தெரியும். பாட்டில் வேண்டுமென்றேதான் தெரியாமல் விடுகிறார்கள், கெத்தே அதில்தான். டைப் அடித்து நீதிபதி மேஜைக்குப் போகும்போது அதில் ஏதோ ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சுக்குப் பொதுவெளியில் எப்போதும் நல்ல பெயர் இருந்ததில்லை. 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு பிபிசி விவாதத்தில் வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்கி, வெள்ளையர்கள் கறுப்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்லி, ஜமைக்கப் பாட்வாவின் மேல் பழி போட்டார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிகள் மென்மையான வழியில் அதே வேலையைச் செய்தன. 2013-ல் தென் லண்டனில் ஒரு பள்ளி இன்னிட், பேர் உள்ளிட்ட சொற்களைத் தடைசெய்து சுவரில் ஒட்டியது. 2021-ல் அதே பக்கத்தில் இன்னொரு பள்ளி ஒரு பட்டியல் போட்டது. வகுப்பிலும் எழுத்திலும் மட்டும்தான் தடை, விளையாட்டு மைதானத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். பேர், லாங் எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒரு சொற்றொடர்: 'அவன் என்னைப் பார்த்துக் கண்ணை வெட்டினான்'.

அது கரீபியனிலிருந்து வந்த வழக்கு. ஒருவரை ஏற இறங்கப் பார்த்து, இமையை மூடித் திறந்து, நீயெல்லாம் ஒரு ஆளா என்று பார்வையைத் திருப்பிக்கொள்வது. கயானாவில் பிறந்த மொழியியலாளர் ஜான் ரிக்ஃபோர்டும் ஏஞ்செலா ரிக்ஃபோர்டும் 1976-ல் இதையும், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி உச்சுக்கொட்டுவதையும் பற்றி எழுதினார்கள். சொல் ஆங்கிலமாக இருந்தாலும் சைகை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றும், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வதை வெள்ளையர் பலர் கவனிப்பதே இல்லை என்றும் காட்டினார்கள். உச்சுக்கொட்டுவது நமக்கு இரக்கம், அவர்களுக்கு எரிச்சல். ஆனால் கண்ணை வெட்டுவது, முகத்தை வெட்டிக்கொண்டு போவது, இதெல்லாம் எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் அந்தப் பட்டியலை ஆசிரியர் வாசித்துக் காட்டியபோது பின்வரிசைப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வாய் திறந்திருக்க மாட்டார்கள். தடைதான் இருக்கிறதே. கண்ணை வெட்டியிருப்பார்கள்.